நேரக் காப்பாளர் அவர்களே!

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் இங்கிலீஷில்தான் பேசுகிறேன். தயவுசெய்து இதை என் குடும்பத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஜொகூர் பாருவில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "என் கண்டெய்னர் எங்கே?" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களை இங்கிலீஷிலேயே சமாதானப்படுத்த வேண்டும். என் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், "ஸ்டெல்லாவா? கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுறா" என்பார். வீட்டாரிடம் நான் ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை முழுதாகப் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. காரணம், ஒரு கரண்டி.

கரண்டி கடைசியில் வரும். முதலில் என் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன் (அவமானத்தைச் சொல்லப் போகிறவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?). பெக்கான் நானாஸில் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நான் பேச்சுப் போட்டியில் சூரப்புலி. மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கியவள். பேச்சை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், நான் மனப்பாடம் செய்வேன். "அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, நேரக் காப்பாளர் அவர்களே" என்று தொடங்கினால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். எந்த வரியில் கையைத் தூக்க வேண்டும், எந்த வரியில் குரலை நடுங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. நேரக் காப்பாளர் முதல் மணி அடித்தால் எச்சரிக்கை, இரண்டாம் மணி அடித்தால் முடித்துவிட வேண்டும். நடுவில் மறந்துவிட்டால் மறுபடியும் அவைத் தலைவரிலிருந்து ஆரம்பிக்கலாம். முடித்ததும் கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். கேள்வி கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாப் பாடமும் மலாயில். இங்கிலீஷ் பாடத்தில் காலி இடத்தை நிரப்புவதோடு சரி. அதில் நான் கெட்டிக்காரி. கோடு போட்டு இடம் விட்டால் எதையும் நிரப்பிவிடுவேன். ஆனால் பேசுகிறவர்கள் யாரும் நமக்காகக் கோடு போட்டு இடம் விடுவதில்லையே.

இருபத்து மூன்று வயதில் நான் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டு என்றால் நின்றுகொண்டுதான். வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி வீங்கியிருக்கும். அப்போதுதான் ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை! எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை, அந்த நாற்காலி மட்டும்தான் தெரிந்தது. ஸ்கூடாயில் ஒரு கடை மாடியில் சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்து, நாலு மாதம் இன்னும் கொஞ்சம் காலி இடங்களை நிரப்பினேன்.

நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு, முதலில் ஐந்து நிமிடம் உங்களைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும் என்று போட்டிருந்தது. படித்தவுடன் என் பயமெல்லாம் ஓடிப்போயிற்று. மூன்று பேர், ஐந்து நிமிடம், நின்று பேச வேண்டும். அட, இது நமக்குத் தெரிந்த ஆட்டமாயிற்றே! அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதினேன். அவைத் தலைவர், நீதிபதிகள், நேரக் காப்பாளர் என்று ஒருவரையும் விடாமல் இங்கிலீஷாக்கினேன். "ஆசிரியப் பெருமக்களே" இருந்த இடத்தில் மட்டும் "அலுவலக நண்பர்களே" என்று மாற்றினேன் (இடத்துக்குத் தக்கபடி பேச வேண்டும் அல்லவா?).

எழுதியதை என் அண்ணன் சேவியரிடம் காட்டினேன். சேவியர் என்னைவிட நாலு வயது மூத்தவன். தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்றால் அவன்தான். வங்கிக் கடிதம் வந்தாலும் அவன், மருந்துச் சீட்டு வந்தாலும் அவன்.

"அண்ணே, இது சரியா இருக்கான்னு பாருங்களேன்."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். உதட்டோரம் ஏதோ துடித்தது. நான் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

"சூப்பர் லா. ஒரு எழுத்துகூட மாத்தாத. அப்படியே பேசிரு."

நேர்காணல் அன்று அவனே காரில் கொண்டுபோய் விட்டான். அறைக்குள் நுழைந்தால் ஒரு சீனர், ஒரு மலாய்க்கார அம்மா, ஓரத்தில் ஒரு தமிழர். அவரைப் பார்த்ததும் நம்ம ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு உயிர் வந்தது. அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போச்சு, நேரக் காப்பாளரும் வந்தாயிற்று! சீனர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பேச்சாளர் எங்காவது உட்காருவாரா? எந்த நாற்காலிக்காக வந்தேனோ அதையே பின்னால் தள்ளிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"ரெஸ்பெக்டட் சேர்மன்! ஜட்ஜஸ் ஹூ நெவர் ஸ்லிப் ஃப்ரம் ஜஸ்டிஸ்! டைம் கீப்பர்! மை டியர் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்!"

மலாய்க்கார அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டார். நான் நிறுத்தவில்லை. "மை நேம் இஸ் ஸ்டெல்லா" என்னும்போது வலக்கை மேலே போயிற்று. "ஐ கம் ஃப்ரம் பெக்கான் நானாஸ்" என்னும்போது இடக்கை தூரத்தில் எங்கள் ஊர் அன்னாசித் தோட்டங்களைக் காட்டியது (அங்கே இருந்தது குளிர்காற்று விடும் ஏர்கோன்). என் கடின உழைப்பைப் பற்றிச் சொல்லும்போது குரலை நடுங்கவிட்டேன். நடுவில் ஒரு வரி மறந்தது. அதற்கென்ன, மறுபடியும் சேர்மன், மறுபடியும் ஜட்ஜஸ், மறுபடியும் டைம் கீப்பர். இரண்டாம் தடவை சொன்னபோது சீனர் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று. வாய்ப்புக்கு நன்றி கூறி, கையெடுத்துக் கும்பிட்டு, திரும்பி நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து முடிவுக்காகக் காத்திருந்தேன். மார்பு விம்மிக்கொண்டிருந்தது. முதல் பரிசு நிச்சயம்.

மலாய்க்கார அம்மா வெளியே வந்து, "அடிக், பெலும் ஹாபிஸ் லாகி" என்றார். தங்கச்சி, இன்னும் முடியவில்லையாம்! மறுபடியும் உள்ளே போனேன். சீனர் மெல்ல, குழந்தையிடம் பேசுவதுபோலக் கேட்டார்: இன்றைக்கு இங்கே எப்படி வந்தீர்கள்? கேள்வி நன்றாகப் புரிந்தது. அண்ணன் காரில் வந்தேன். தாளில் கோடு போட்டுக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் வெளியே வந்தது: "ரெஸ்பெக்டட் சேர்மன்..."

"ஓக்கே, ஓக்கே. தேங்க் யூ" என்று அவர் கையைக் காட்டினார். நான் தமிழரைப் பார்த்தேன்.

"சார், தமிழ்ல சொல்லட்டுங்களா?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "இங்கிலீஷ் ஒன்லி ப்ளீஸ்" என்றார். அதே மனிதர் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். இப்போது தமிழ் நன்றாகவே வந்தது.

"எந்த ஊரும்மா நீ? நம்ம பிள்ளைங்க நாலு பேர உள்ள கொண்டு வரலாம்னு நான் அங்க உட்கார்ந்து மல்லுக்கட்டுறேன். நீ வந்து இப்படி மானத்த வாங்குறியே!"

"மன்னிச்சிருங்க சார்" என்றேன். அந்த மன்னிப்பை ஏன் கேட்டேன் என்று இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

காரில் ஏறியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கூடப்பிறந்தவன்தானே என்று எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். சேவியர் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான்.

"அலமாக்! நெசமாவா? நேரக் காப்பாளரையுமா கூப்பிட்ட?"

"நீங்கதான சூப்பர்னு சொன்னீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்மா! போய் அப்படியே ஒப்பிப்பன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான். என் நாலு மாதச் சனிக்கிழமைகளும் என் வீங்கின கால்களும் அவனுக்கு ஒரு நாள் விளையாட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சேவியர் எழுந்து நின்று என்னைப் போலவே கையைத் தூக்கி நடித்துக் காட்டினான். அம்மா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதில் ஓர் இங்கிலீஷ் சொல் கலந்துவிட்டது. உடனே சேவியர் கரண்டியை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் தட்டினான். டிங்! "நேரம் முடிந்தது, பேச்சாளரே!"

அன்றைக்குத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் விருந்தில் டிங். சேவியரின் பிள்ளைகளிடம் நான் "கம் ஹியர்" என்றால் டிங். எனக்குத் தாலி கட்டியவர் மூன்றே மாதத்தில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

நாற்காலி கிடைக்கவில்லை. இன்னும் ஆறு வருடம் நின்றேன். இங்கிலீஷ் பேசக் கற்றதும் அப்படி நின்றுகொண்டுதான். எனக்கு அடுத்த இடத்தில் நின்றவள் கிரேஸ் என்ற பிலிப்பீன்ஸ்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, மலாய் அரைகுறை. எங்களுக்கு வேறு வழியில்லை. மாமியார், மழை, மாதவிடாய் வலி எல்லாவற்றையும் உடைந்த இங்கிலீஷிலேயே பேசித் தீர்த்தோம். நான் தப்பாகப் பேசினால் அவள் சிரிக்கமாட்டாள். பதில் சொல்வாள், அவ்வளவுதான். பதில் வந்துகொண்டிருந்தால் பேச்சும் வந்துவிடும் என்பது அதுவரை எனக்குத் தெரியவே இல்லை. ஏழாவது வருடம் வேறோர் அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. அங்கே நேர்காணலில் முதல் வேலையாக உட்கார்ந்தேன்.

வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. வேலைப் போன் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். போன மாதம் ஒரு நாள் அவசரத்தில் சமையல் மேடை பக்கத்திலேயே நின்று பேசத் தொடங்கிவிட்டேன். ஐந்து வயது மகள் ரூத் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் "ஹலோ, குட் ஈவினிங்" என்றதும், தலையைக்கூட நிமிர்த்தாமல், கரண்டியை எடுத்துக் குவளையில் தட்டினாள். டிங்.

பேசி முடித்துவிட்டுக் கேட்டேன். "ஏன் கண்ணு தட்டுன?"

"நீங்க இங்கிலீஷ் பேசுனா தட்டணும்லம்மா?" என்றாள். சாப்பாட்டுக்கு முன்னால் செபம் சொல்வதைப் போல, இதுவும் ஒரு முறை என்று நினைத்திருக்கிறாள். ஏன் தட்டுகிறோம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளாகவே பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். யாரைத் திட்டுவது? அவளையா?

மறுநாள் வீட்டிலிருந்த எவர்சில்வர் கரண்டிகளையும் கண்ணாடிக் குவளைகளையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக வாங்கி வைத்தேன். கணவர் கேட்டதற்கு, "எல்லாம் துருப்பிடிச்சிருச்சு" என்றேன் (எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று அவர் யோசிக்கவில்லை).

போன ஞாயிறு சேவியர் குடும்பத்தோடு வந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை. கரண்டிதான் இல்லையே என்ற தைரியத்தில் அங்கேயே எடுத்து, நல்ல இங்கிலீஷில், தடுமாறாமல் ஒரு நிமிடம் பேசினேன். சேவியர் சுற்றுமுற்றும் தேடினான். பிளாஸ்டிக் கரண்டியால் பிளாஸ்டிக் குவளையைத் தட்டிப் பார்த்தான். சத்தமே வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயாலேயே, "டிங்!" என்றான்.

மேசையே அதிர்ந்தது. அம்மா சிரித்தார், கணவர் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் மகள்.