குண்டு காட்டிய குடியிருப்பு

வீடு தேடி அலைகிறவர்களுக்கெல்லாம் விடிவு பிறந்துவிட்டது. வாடகை கட்டுப்படியாகுமா, பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருமா என்று இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேசைமேல் நகர வரைபடத்தை விரித்து, நூலில் கட்டிய பித்தளைக் குண்டை அதன்மேல் ஆட்டினால் போதும். குண்டு எங்கே நிற்கிறதோ அங்கே குடிபோக வேண்டியதுதான். ஆட்டுகிறவர் ஊசல் மகான். அதுவும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட்டுவார். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம். எப்பேர்ப்பட்ட நேர்மை பாருங்கள்!

தெருமுனை வரை கூட்டம். அந்த வரிசையில் மனைவி, மகளோடு தராசுக்காரரும் நின்றார். கடை கடையாய்ப் போய்த் தராசு பழுதுபார்க்கிறவர். அஞ்சு கிராம் குறைந்தாலும் கடைக்காரரின் சட்டையைப் பிடிப்பார். உலகத்தில் யாரையும் லேசில் நம்ப மாட்டார், மகானைத் தவிர.

அவர்கள் குடியிருந்த வீட்டில் சுவரெல்லாம் ஓதம். ஏழு வயது மகளுக்கு மழை பெய்தால் இழுப்பு வந்துவிடும். மூன்று மாதம் நாயாய் அலைந்து மனைவி ஒரு வீட்டைப் பிடித்திருந்தாள். மாடியில் இரண்டு அறை, காய்ந்த சுவர், பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிட நடை, கைக்கு எட்டுகிற வாடகை. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். "இன்னைக்கு நாலு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா இன்னொரு குடும்பம் காத்துக்கிட்டு இருக்கு" என்று கறாராகச் சொல்லிவிட்டார். தராசுக்காரருக்கோ மகான் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் பேனாவைத் தொட மனம் வரவில்லை. அப்போதே மணி இரண்டரை.

அவர்கள் கண்ணெதிரே மூன்று குடும்பங்களுக்குக் குண்டு ஆடியது. மூன்று தடவையும் மேற்கு எல்லையில் போய் நின்றது. மூன்று தடவையும் மகான் சிலிர்த்துக்கொண்டு, "ஆஹா! சுத்தமான காத்து! இனிக்கிற தண்ணி! புள்ளைங்க படிச்சு முன்னுக்கு வரும்!" என்றார்.

அங்கே இருந்தது புதிதாய் முளைத்த ஒரு குடியிருப்பு. பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம். தண்ணீர் லாரியில் வரும். பள்ளிக்கூடம் இனிமேல்தான் வர வேண்டும். வீடுகளை விற்கிறவர் மகானின் சொந்த மைத்துனர். ஆனால் மகானுக்குத்தான் கண்ணைக் கட்டியிருக்கிறதே, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்!

"ஏங்க, மூணு குடும்பத்துக்கும் ஒரே இடமா?" என்றாள் மனைவி.

"நல்ல இடம்னா எல்லாருக்கும் நல்ல இடம்தானே?"

"நமக்கும் அதேதான் வரப்போகுது. அங்கேருந்து பாப்பா தினமும் பஸ் புகையைக் குடிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் வருவாளா?"

"சும்மா இரு. அவர் காதுல விழுந்து தொலையப்போகுது."

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரு தராசு பொய் சொல்லுதோன்னு சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இந்தத் தட்டுல இருக்கறதை அந்தத் தட்டுக்கு மாத்திப் போட்டுப் பாப்பேன். கோணல் எங்கேன்னு தெரிஞ்சிடும்."

அவர்கள் முறை வந்தது. மகானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, சீடர் வாசலில் நெருக்கியடித்தவர்களை விரட்டப் போனார். மனைவி வரைபடத்தை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தாள். மேற்கு இருந்த இடத்தில் கிழக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். தராசுக்காரர் பதறிப்போய்த் தடுக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மகளுக்கு இருமல் வந்தது. நீட்டிய கை அவள் முதுகைத் தடவப் போய்விட்டது.

குண்டு ஆடியது. மேசையின் அதே ஓரத்தில், அதே இடத்தில் நின்றது.

"ஆஹா! சுத்தமான காத்து! இனிக்கிற தண்ணி!"

முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் தலையைச் சாய்த்துப் படித்தாள். "ஐயய்யோ, இது நகராட்சிக் குப்பைக்கிடங்காச்சே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகான் கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அலறினார்: "வரைபடத்தைத் திருப்பினது யாரு? பெரிய பாவம் வந்து சேரும்!"

"கண்ணைக் கட்டினவருக்கு மேலென்ன, கீழென்ன சாமி? உங்க குண்டுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள் மனைவி.

தராசுக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கோபம் அதிகம். மேசை விரிப்பைத் தூக்கி அடியில் கைவிட்டார். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி எடையை ஏமாற்றிய எத்தனை கடைக்காரர்களைப் பிடித்த கை அது! உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தத்தைப் பெயர்த்து எடுத்து உயர்த்திக் காட்டினார். பித்தளை முலாம் பூசிய இரும்புக் குண்டு துள்ளி வந்து 'டக்'கென்று அதில் ஒட்டிக்கொண்டது.

மகான் பின்வாசலைத் தேடக் குண்டெல்லாம் ஆட்டவில்லை. ஒரே பாய்ச்சலில் கண்டுபிடித்துவிட்டார்.

மூன்றே முக்காலுக்கு நர்ஸம்மா வீட்டில் தராசுக்காரர் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கியதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. சுவரைத் தடவினார், ஈரமில்லை. இந்த வீட்டையா கைவிட இருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் மாடிப்படி முழுக்க ஆட்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் பின்னாலேயே வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர், மகான் விட்டுப்போன வரைபடத்தைப் பயபக்தியோடு நீட்டினார்.

"அண்ணே, அந்தக் காந்தத்தையே கண்டுபிடிச்ச கை உங்களுது. நாங்க எங்கே குடிபோகணும்னு நீங்களே ஒரு விரலை வெச்சுக் காட்டிடுங்க."

மனைவி வாசலுக்கு வந்தாள்.

"துணியைக் கட்டியிருந்தது அவர் கண்ணுல. உங்க கண்ணுக்கு என்னங்க கேடு?"