கொற்கையில் ஒரு சுவர்

வாழைத்தோட்டம் இருந்தது. குளம் இருந்தது. நகரத்தைத்தான் காணவில்லை.

“எங்கன இருக்கு?” என்று கேட்டாள் ஜெயபாய்.

ஜேசுதாசனுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் புதுத் துறைமுக அலுவலகத்தில் அவன் குமாஸ்தா. வயது முப்பத்தாறு. நாசரேத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் ஜெயபாயைப் பெண் கேட்டிருந்தான். சம்மதம் சொல்லுமுன், பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையைப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். “அந்த ஊரு எனக்கு அத்துப்படி” என்று சொல்லிவிட்டான். துணைக்கு அவள் சித்தி அற்புதமணியும் வந்திருந்தாள்.

தோட்டத்தின் ஓரம் பாதி இடிந்த செங்கல் சுவர் ஒன்று நின்றது.

“அதுதான். பாண்டியன் கோட்டை மதில்.”

“இவ்வளவு குட்டையாவா?”

“மீதி மண்ணுக்குள்ள இருக்கு.”

“கடலு?”

“நாலஞ்சு மைல் தள்ளிப் போயிட்டு.”

அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதற்குத்தான் அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

சாணிக் கூடையோடு ஒருத்தி வந்து சுவரில் வரட்டி தட்டத் தொடங்கினாள்.

“ஏம்மா, பாண்டியன் மதில்ல சாணி தட்டலாமா?” என்றான் ஜேசுதாசன்.

“எந்தப் பாண்டியன்? இது எங்க மாமனார் கட்டின மாட்டுத்தொழுவம்லா.”

ஜெயபாய் திரும்பிப் பார்த்தாள்.

“மேலதான் அவரு கட்டினது. அஸ்திவாரம் பாண்டியன் போட்டது,” என்றான்.

“அஸ்திவாரமே கிடையாது அண்ணாச்சி. அதான் மழையில விழுந்துட்டு,” என்றாள் கூடைக்காரி.

“பாண்டியங்க அஸ்திவாரம் போட மாட்டாங்க.”

சொன்ன பிறகு அவனுக்கே கேவலமாக இருந்தது.

“அதான் ஒண்ணும் மிஞ்சல போலுக்கு,” என்றாள் ஜெயபாய்.

அவள் சிரிக்கவில்லை. குளக்கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அருகில் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

“நெசமாவே இந்த ஊரு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்ற சொல் தொண்டை வரை வந்தது. இத்தனைக்கும் பிறகு அதை எப்படிச் சொல்வது?

“சின்ன வயசுல இருந்தே.”

அவள் தலையசைத்தாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிற்கும் திசையில் நடந்தாள். ஒருமுறையும் திரும்பவில்லை.

அற்புதமணி செருப்பில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

“டீச்சருக்கு ஊரு பிடிச்சுதாம்மா?” என்று கேட்டான்.

“உங்களுக்கு முன்னால மூணு பேரை இங்கன கூட்டிட்டு வந்தா, தம்பி. மூணு பேரும் இதே சுவரைத்தான் காட்டினாவ. ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லுத ஒருத்தனைத்தான் கெட்டுவேன்னு இருக்கா.”