சின்னக் காரும் பெரிய மச்சானும்

அன்புள்ள தங்கை சுமியேவுக்கு,

நாகசாகியிலிருந்து அண்ணன் தெட்சுவோ எழுதுவது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் முதுகைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் ஊர்க் குளிர் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சின்னக் கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. எங்களிடம் இருக்கும் சின்னக் கார் சந்துக்குள் நுழைகிறது, பெட்ரோல் அதிகம் குடிப்பதில்லை, வரியும் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன ஞாயிறு உன் அண்ணி ஃபூமிகோவின் அண்ணன் இவாவோவை வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போனோம். அவர் உடம்பு உனக்குத் தெரியும். முன் இருக்கையில் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்தார். மலை ஏற்றத்தில் கார் முக்கியது, முனகியது, நின்றேவிட்டது. "நான் எறங்கி நடக்குறேன் மாப்ள, நீங்க மெதுவா வாங்க" என்றார். நடந்தவர் எங்களுக்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து காஸ்டெல்லா கேக் தின்றுகொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு.

திரும்பி வந்து சந்தில் வீட்டுச் சுவரோரம் நிறுத்தினால் இரண்டு பக்கமும் கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. ஃபூமிகோவும் நானும் எப்போதும்போல இருக்கைகளைத் தாண்டி, பின்னாலிருக்கும் டிக்கிக் கதவு வழியாக இறங்கிவிட்டோம். மச்சான் பாதி வந்து இருக்கைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்.

"என்னங்க, அண்ணனைப் பிடிச்சு இழுங்க."

"இழுத்தா கார்தான் வருது."

"வயித்தை எக்குண்ணா."

"எக்கிட்டுத்தான் இருக்கேன். இதான் எக்குன வயிறு."

கடைசியில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் காரை அவரோடு சேர்த்துத் தெருவுக்குத் தள்ளி, முன்கதவைத் திறந்து வெளியே எடுத்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கைதட்டினாள். கூடச் சேர்ந்து தள்ளிய என் முதுகு பிடித்துக்கொண்டது அப்போதுதான். ஆகவே வேண்டாம் அம்மா, பெரிய காராகப் பார்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தெட்சுவோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது, பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் சிஸுருவுக்கு வலி எடுத்துவிட்டது. கொட்டுகிற மழையில் டாக்ஸி சந்து முனைக்கு மேல் வரவில்லை. நம் காரில் டிக்கிக் கதவு வழியாக ஏற்றி, இரண்டு பக்கச் சுவரையும் உரசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பெண் குழந்தை. இருவரும் நலம். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா வழியிலேயே பொறந்திருக்கும்" என்றார் டாக்டர். நீ சின்னக் காரே வாங்கு. மேலே எழுதியதைக் கிழித்துப்போட்டுவிட்டு, இந்தத் துண்டை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் காட்டு.