தூள் அங்கிளும் சோங்கிங் சட்டியும்

சீனர்களுக்குக் காரம் என்றால் என்னவென்றே தெரியாது என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சிட்னிச் சீனக் கடைகளில் தித்திப்பாய் சாஸ் ஊற்றித் தந்ததையே தின்ற நாக்கு. இந்த மடமைக்கு எண்ணெய் ஊற்றியவர், அதே சிட்னியில் ஹோம்புஷ் பகுதியில் இருக்கும் தூள் அங்கிள். உலகத்து உணவெல்லாம் தன் சட்டைப்பையிலிருக்கும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளுக்காகவே காத்துக் கிடக்கிறது என்று நினைத்த ஒரே ஜீவன்.

பீட்சாவில் தூள். பார்பிக்யூவில் தூள். ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, உறைப்புத்தான் காணாது" என்று பையைத் துழாவியவர்.

சீனா ஒலிம்பிக்ஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயம், மலிவு டூர் ஒன்றில் இருவரும் சோங்கிங் போனோம். ஊரா அது? படிக்கட்டுக் குவியல். அங்கிள் எந்தப் படியிலும் கால் வைக்கவில்லை.

"என்ர முழங்காலுக்கு ஏலாது தம்பி. நீ பாத்திட்டு வந்து சொல்லு."

பழுப்பு யாங்சியும் பச்சை ஆறும் கலக்கும் இடத்தை ஊரே வாய் பிளந்து பார்த்தது. இவர் கொட்டாவி விட்டார். "தண்ணியோட தண்ணி சேருது. சாப்பாடு எப்ப?"

இரவு டூர் படகு எங்களை ஆற்றங்கரைக் கடை ஒன்றின் வாசலிலேயே இறக்கிவிட்டது. மேலே சாலைக்குப் போக நீண்ட படிக்கட்டு. மேஜை நடுவே, இறைச்சியை முக்கி எடுத்துத் தின்ன, சிவப்பாகக் கொதிக்கும் குழம்புச் சட்டி. அங்கிள் அதிலும் தூளைத் தூவினார். கடலுக்கு உப்புப் போடுகிறவனைப் பார்ப்பதுபோல் கடைக்காரம்மா பார்த்தாள்.

நாலு வாய்தான் தின்றேன். உதட்டைக் காணோம். நாக்கு வேறு யாருடையதோ. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவன் நான். வாய் மரத்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான். பக்கவாதம்! வார்டில் நோயாளியைச் சோதிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிப் பல்லைக் காட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்களும் கையைத் தூக்கிப் பல்லைக் காட்டினார்கள்.

"அங்கிள், என் மூஞ்சி கோணிடுச்சா?"

"அது எப்பவும் அப்பிடித்தானே."

"வெளையாடாதீங்க! வாய் மரத்துப்போச்சு. ஸ்ட்ரோக்!"

அங்கிள் முகம் வெளுத்தது. என் கால்கள் பயத்திலேயே மடங்கின.

"ஏறு, முதுகில ஏறு. கதைக்காமப் பிடிச்சுக்கொள்."

தொப்பையும் நானுமாக ஏறினேன். அவருடைய காதிலேயே உயில் சொல்லிக்கொண்டு போனேன். வீடு மனைவிக்கு, கார், கேட்காமல் ஓட்டிப்போய்த் திருப்பித் தராத மைத்துனனுக்கே. அங்கிள் ஒவ்வொரு படியாக ஏறினார். வாயில்தான் மூச்சு விட்டார்.

உச்சிப் படியில் எங்கள் கைடு பெண் ஓடி வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள். சட்டியில் போடும் ஒரு மிளகு. வாயை மரக்கவைப்பதுதான் அதன் வேலை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுமாம்.

எனக்கு அங்கிள்மேல் கோபம் வந்தது. "நீங்களும்தானே தின்னீங்க? உங்களுக்கு மரக்கலையா?"

"ஓம், விறைச்சதுதான். எனக்கும் வந்திட்டுது எண்டுதான் நினைச்சனான்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"ரெண்டு பேரும் விழுந்தா உன்னை ஆர் தூக்கிறது?"

நடந்தது இவ்வளவுதான். மிளகு தின்றோம். தனக்கும் பக்கவாதம் வந்துவிட்டதென்று நினைத்த மனிதர், அந்த முழங்காலோடு என்னைச் சுமந்து படியேறினார்.