கோடாலிக் காம்புக்கு மூணு கோட்டு பெயிண்ட்

உலகத்துல எத்தனையோ நாடு சுதந்திரம் வாங்கியிருக்கு. ஆனா நாட்டுக்குச் சுதந்திரம் வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே விறகு பிளக்குறதுல பூரண பாதுகாப்பு அடைஞ்ச எடம் இந்த பூமியில ஒண்ணே ஒண்ணுதான். மலாக்கா, காஜா பெராங், சுப்புராமன் விறகுக் கடை. பெருமைக்குச் சொல்லலீங்க. அந்தப் பாதுகாப்ப டைப் அடிச்சவன் நானு, அதனால சொல்றேன்.

எங்க சங்கத்து முழுப் பேரு "காஜா பெராங் விறகு பிளப்போர் பாதுகாப்பு முன்னேற்றச் சங்கம்". உறுப்பினருங்க மூணு பேரு. தலைவரு, கடை மொதலாளி சுப்புராமன். துணைத் தலைவரு ராஜரத்தினம் சாரு, ஆப்பீஸ்ல கிராணியா, அதாவது கிளார்க்கா, வேலை பாத்து ரிட்டயரானவரு, பென்சில் சீவுறதுக்கே ரெண்டு சாட்சி கேக்குற மனுஷன். செயலாளரு நான். பத்தொம்பது வயசு, டைப்ரைட்டிங் பாஸ், வேலைதான் இல்ல. எங்க மூணு பேருல ஒருத்தரும் பொறந்ததுலருந்து ஒரு விறகு பிளந்தது கிடையாது. அதனாலதான் எங்களால "நடுநிலையோட" யோசிக்க முடிஞ்சுது.

கடையில விறகு பிளக்குறது ஒரே ஆளு, கமலவேணி அக்கா. ரப்பர் கட்டையோ பக்காவ் கட்டையோ, நிக்க வெச்சு ஒரே போடு, ரெண்டாயிரும். அக்காவ சங்கத்துல சேக்கல. "விறகு பிளக்குறவங்கள விறகு பிளப்போர் சங்கத்துல சேத்தா சொந்த நலன் உள்ள பூந்துரும்"னு ராஜரத்தினம் சாரு சொல்லிட்டாரு. எவ்ளோ தொலைநோக்கு பாருங்க.

சங்கம் ஏன் வந்துச்சுன்னா, மெர்டேக்கா, அதான் சுதந்திர நாளு, வருதுல்ல? ஊரே பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வேலி, வாசல், சைக்கிள் ஸ்டாண்டு, எதையும் விடல. அசையாம நின்னா நம்மளையும் அடிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கும். அப்பதான் ஒரு பெரிய அதிகாரி கடை கடையா வந்து பாத்து, பாதுகாப்பான கடைக்கு "மாதிரிக் கடை"ன்னு போர்டு குடுக்கப்போறாருன்னு சேதி வந்துச்சு. போர்டு கெடைச்சா பெரிய பெரிய சமையக்கட்டுக்கெல்லாம் விறகு போடலாம். அன்னிக்கு சாயங்காலமே மொதலாளிக்குத் தொழிலாளி மேல அக்கறை பொங்கிருச்சு.

மொதக் கூட்டத்துக்கு அக்காவ "பார்வையாளரா" கூப்ட்டோம்.

"என்னம்மா, ஒனக்கு ஏதாச்சும் ஆபத்து இருக்கா?"ன்னு மொதலாளி கேட்டாரு, பசியாறுனியான்னு கேக்குற மாதிரி.

"கோடாலிக் காம்பு விரிஞ்சு போச்சுங்க மொதலாளி. ஓங்குனா கோடாலி ஆடுது. புதுக் காம்பு ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்."

"ஆடுதுன்னா எவ்ளோ ஆடுது?"ன்னாரு ராஜரத்தினம் சாரு. "அளவு வேணும்மா, அளவு."

"கழண்டு என் கால்ல விழட்டும் சார். அப்ப வந்து அளந்துக்கங்க. இந்த ரெண்டு காலு நின்னாத்தான் என் வீட்டுல மூணு வயிறு நெறையும்."

"குறிப்புல ஏத்துப்பா. பார்வையாளர் முழு ஒத்துழைப்பு தருவதாக உறுதி கூறினார்"னாரு ராஜரத்தினம் சாரு.

ஏத்துனேன்.

அப்புறம் சுறுசுறுப்பா விதி போட்டோம். விறகு பிளக்குற எடத்தச் சுத்தி எட்டடிக்கு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள்ள யாரும் கால் வெக்கக் கூடாது.

"அப்ப நான் எங்க சார் நிக்கிறது?"ன்னு அக்கா கேட்டாங்க.

"அது அடுத்த கூட்டத்துக்கு"ன்னு மொதலாளி முடிச்சு வெச்சாரு.

காம்பு விசயத்துலதான் ராஜரத்தினம் சாரோட மூளை எனக்குப் புரிஞ்சுது. "புதுக் காம்பு போட்டா, பழசு கெட்டுப் போச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிரும். கெட்டுப் போன காம்ப வெச்சு எத்தன நாள் வேலை வாங்குனீங்கன்னு அதிகாரி கேட்டா?"

மொதலாளி மொகம் செத்துப் போச்சு. "அப்ப என்ன பண்றது?"

"புதுசு போட வேணாம். புதுப்பிப்போம்."

தீர்மானம் நம்பர் நாலு: கோடாலிக் காம்பைப் புதுப்பித்தல். நிறைவேத்துற பொறுப்பு, செயலாளரு. அதாவது நானு. விரிசல் ஒரு சாண் நீளத்துக்கு இருந்துச்சு, பெயிண்ட் அதுமேல நிக்கல. சன்னல் கண்ணாடி ஒட்ட வெக்கிற மக்குப் பசைய உருட்டி அதுல அடைச்சு, தேச்சு, மூணு கோட்டு அடிச்சேன். செவப்பு, வெள்ளை, நீலம், நுனியில மட்டும் மஞ்சள். கொடிக் கலரு. என் கையால அவ்ளோ அழகான ஒண்ண நான் செஞ்சதே இல்ல.

மறுநாள் அக்கா பாத்தாங்க. "என்ன தம்பி இது, காவடி மாதிரி பண்ணி வெச்சிருக்க?"

"நல்லாருக்குல்லக்கா?"

"பாடைக்குக்கூடத்தான் பூ கட்டுறான். விரிசல் எங்கடா?"

"இப்ப இல்லக்கா."

"இல்லையா, தெரியலையா?"

ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்னு அப்ப நான் யோசிக்கல. அதிகாரிகிட்ட என் டைப்ப காட்டுறேன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. மூணு வருஷமா வீட்டுல ஒக்காந்து சாப்புட்டவனுக்கு அது போதும்.

"இத நான் தூக்க மாட்டேன்"னு அக்கா சொல்லிட்டாங்க.

மொதலாளி சத்தமே போடல, ரொம்பத் தன்மையானவரு. "வேணாம்னா விடும்மா. புக்கிட் ரம்பாய்லருந்து ஒரு ஆளு தெனம் வந்து வேலை கேக்குறான். பாவமா இருக்கு."

அக்கா கோடாலிய எடுத்துக்கிட்டாங்க.

அதிகாரி வந்த அன்னிக்கு நல்ல கூட்டம். மோட்டார் காடி வந்து நின்னுச்சு, மாலை போட்டோம், ராஜரத்தினம் சாரு பதினோரு விதியையும் ரெண்டு பாஷையில படிச்சாரு. மலாயே வீட்டுப் பேச்சா இருக்குற செட்டி ஜனங்க வாழ்ற கம்போங் செட்டியில இருந்து தச்சு வேலை செய்யுற ஒருத்தரும் வேடிக்கை பாக்க வந்திருந்தாரு. சாத்தி வெச்சிருந்த கோடாலிய எடுத்து, காம்ப வெரலால ஒரு தட்டு தட்டுனாரு. என்னப் பாத்து, "சுடா ரெத்தாக், லா"ன்னாரு. விரிஞ்சு போயிருச்சேப்பான்னு சொல்றாரு. காஜா பெராங்ல பொறந்தவனுக்கு அந்த மலாய் புரியாம இருக்குமா? குறிப்புல ஏத்துனேன்: "கம்போங் செட்டிப் பிரமுகர் காம்பைத் தொட்டுப் பார்த்து வியந்தார்."

அக்கா வட்டத்துக்குள்ள போய் நின்னாங்க. வெறுங்கால். மொதப் போடு, கட்டை ரெண்டாச்சு, கைதட்டல். ரெண்டாவது போடு, "பாகுஸ்", பிரமாதம்னாரு அதிகாரி. மூணாவதா மொதலாளி ஒரு கணு உள்ள கட்டையா பாத்து வெக்கச் சொன்னாரு, பாக்குறதுக்குக் கம்பீரமா இருக்குமாம். அக்கா கோடாலிய ஓங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னப் பாத்தாங்க. நான் குறிப்பேட்டப் பாத்தேன்.

விரிசல்ல அடைச்ச மக்கு பொடிப்பொடியா பறந்துச்சு. பாதிக் காம்பு அக்கா கையில நிக்கிது, கோடாலி மட்டும் மேல போய், திரும்பி வந்து, அக்காவோட வலது கால்ல எறங்கிருச்சு.

நாலு பேரு ஓடுனாங்க. ராஜரத்தினம் சாரு ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சாரு. "யாரும் வட்டத்துக்குள்ள போகாதீங்க! எட்டடி! எட்டடி!"

அம்புட்டுப் பேரும் நின்னுட்டாங்க. எங்க சங்கத்து விதிய ஜனங்க மதிச்ச ஒரே சந்தர்ப்பம் அது. அந்தச் செட்டித் தச்சரு மட்டும் அவரத் தள்ளிட்டு உள்ள போயி, தோள்ல கெடந்த துண்டால கால இறுக்கிக் கட்டி, அக்காவத் தூக்கித் மூணு சக்கரத் திரிஷா வண்டியில வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. அவரு மேல விதி மீறல்னு ஒரு குறிப்பு ஏத்த வேண்டியதாப் போச்சு.

"விபத்து அறிக்கை ஒண்ணு குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு அதிகாரி காடியில ஏறிட்டாரு. ஒடனே அவசரக் கூட்டம். ஃபாரத்துல "காரணம்"னு ஒரு கட்டம்.

"காம்புன்னு போடலாமா?"ன்னேன்.

"காம்பு போன வாரம்தான் புதுப்பிச்சது. தீர்மானம் இருக்கு"ன்னாரு ராஜரத்தினம் சாரு.

"கட்டை?"

"அது நம்ம கடைச் சரக்குடா!"ன்னு மொதலாளி பதறுனாரு.

"அப்ப சங்கம்?"

"சங்கம் எட்டடி தள்ளி நின்னுச்சு."

மிச்சம் ஒருத்தங்கதான் இருந்தாங்க. "கவனக்குறைவு"ன்னு அடிச்சேன். அடிச்சுத் திருத்தம் ஒண்ணு கூட இல்ல, அவ்ளோ சுத்தம்.

அக்கா கைநாட்டு வெக்கணுமே, மறுநாள் எடுத்துக்கிட்டுப் போனேன். காலு பெரிய கட்டா இருந்துச்சு. பெருவிரலும் பக்கத்து வெரலும் இல்லன்னு நர்சு சொன்னாங்க.

"என்ன தம்பி எழுதிருக்கு?"

"கவனக்குறைவுன்னு எழுதிருக்குக்கா."

"யாரோட கவனக்குறைவு?"

நான் மை டப்பாவத் தொறந்தேன்.

"வெக்கலன்னா வேலை இல்லன்னு மொதலாளி சொல்லி விட்டாரா?"

"ஆமாக்கா."

"இந்தக் கால வெச்சுக்கிட்டு இனிமே வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? கொண்டா."

மெர்டேக்காவுக்கு முந்துன நாளு போர்டு வந்துச்சு. தொழிலாளியோட சொந்தக் கவனக்குறைவு கடையோட விபத்துல சேராதாம், அதனால எங்க கணக்குல விபத்தே இல்ல. அக்கா மூணு மாசம் கழிச்சு வந்து, முக்காலியில ஒக்காந்து சுள்ளி நறுக்கிக் கட்டுறாங்க. என் டைப்பு அதிகாரிக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, அவரு ஆப்பீஸ்லயே கிராணி வேலை போட்டுக் குடுத்தாரு. ஊர்ல வர்ற விபத்து அறிக்கையெல்லாம் வாங்கி அடுக்குறது இப்ப நான்தான். கிளேபாங்ல வல கிழிச்ச கை, ரம்பத்துல போன வெரலு, கொதிதண்ணி கொட்டுன முதுகு, எது வந்தாலும் காரணம் ஒண்ணுதான். கவனக்குறைவு.

போன மாசம் பழைய ஃபாரம் தீந்து போச்சு. சுதந்திர நாட்டுக்குப் புது ஃபாரம் வேணும், நீயே தயார் பண்ணுன்னு எங்கிட்ட குடுத்தாங்க. நாலு நாள் ஒக்காந்து போட்டேன். கோடெல்லாம் அவ்ளோ நேரு. காரணத்துக்குக் கீழ "யாருடையது"ன்னு ஒரு கட்டம் போட எடங்கூட இருந்துச்சு. போடல. போட்டா மொதப் பேரா என் பேரத்தான் நான் எழுதணும்.