சைரன் சுத்தின பொம்பிளை

பெண் பார்க்க வரும்போது பெண் செய்யக்கூடாதவை என்று எங்கள் குடும்பத்தில் சில உண்டு. அதிகம் கதைக்கக்கூடாது, பல் தெரியச் சிரிக்கக்கூடாது, மாப்பிள்ளையை நேரே பார்க்கக்கூடாது. சைரன் சுற்றக்கூடாது என்பது என்னால் பிறகு சேர்ந்தது.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் அடைந்து கிடந்தோம்: அப்பா, அம்மா, நான், சூட்கேஸ்கள். (காற்று வரும் மூலை சூட்கேஸ்களுக்குத்தான்.) எனக்கு இருபத்தாறு வயது, எங்கள் ஆட்களின் கணக்கில் அது அறுபது. கோயிலில் வைத்துப் பார்த்த இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே குழம்பிவிட்டன. மூன்றாவது, நோர்வே மாப்பிள்ளை. தாய் கொட்டாஞ்சேனையில் இருந்தார். மகன் லீவு முடிந்து அடுத்த கிழமை திரும்புகிறார். இதுவும் தப்பினால் எனக்கு லொட்ஜ்தான் கதி என்று அம்மா முடிவு கட்டியிருந்தார்.

"லொட்ஜுக்கை எப்பிடி அவையளைக் கூப்பிடுறது? கோயிலும் எங்களுக்குச் சரிவரேல்லை," என்றார் அப்பா. களனிப் பக்கம் ஒரு பூங்கா இருக்கிறதாம். பழங்காலச் சாமான்களை வெளியே வைத்திருக்கிறார்களாம், யாரும் தொடலாமாம், இயக்கிப் பார்க்கலாமாம். இரண்டு குடும்பமும் அங்கே தற்செயலாகச் சந்திப்பது என்று ஏற்பாடு.

"ஒண்டிலையும் கை வைக்காதை, பிள்ளை. உன்ரை கை சும்மா இராது," என்றார் அம்மா.

உண்மைதான். பதற்றம் வந்தால் எனக்குக் கை ஓடும். அன்று பஸ்ஸிலேயே ஹேண்ட்பேக் சிப்பை இழுத்து இழுத்துப் பிய்த்துவிட்டேன். செக்பொயின்ற்றில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, ஏறி, மறுபடி இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது முகத்துப் பவுடர் சேலையில் இருந்தது.

"ஆ, நீங்களோ! எதிர்பாக்கவேயில்லை," என்றார் அப்பா, வாசலில் ஒரு மணித்தியாலம் காத்திருந்த அப்பா. மாப்பிள்ளை அந்த வெயிலில் கோட் போட்டிருந்தார். பெரியவர்கள் மாட்டுவண்டிலைப் பார்க்கிற சாட்டில் எங்களைத் தனியே விட்டுப் போனார்கள். அவர் ஒரு அம்மியை ஊன்றிப் பார்த்தார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். பத்து வருடமாகப் பனிக்குள் இருக்கிற மனிதர். நாங்கள் பட்டதெல்லாம் இவருக்கு இனி விளங்குமா என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்ததும் கை தேடத் தொடங்கியது. பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு இரும்பு உருளை. பழைய காலத்து ஐஸ்கிறீம் மெஷின் என்று நினைத்தேன். (பக்கத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். வாசிக்கிற நிலையில் யார் இருந்தது?)

சுற்றினேன். முதலில் முனகியது. இறுக்கமாக இருக்கிறதே என்று இன்னும் வேகமாகச் சுற்றினேன். முனகல் ஏறி ஏறி, வானத்தைக் கிழிக்கிற ஊளையாகியது. அது உலக யுத்தக் காலத்துச் சைரன்.

பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் நிலத்தில் கிடந்தேன். காது பொத்தி, வாய் திறந்து, முழங்கையில் ஊன்றி, ஊரில் குண்டு போட வருகிற பொம்பருக்குப் படுத்துப் பழகிய அதே முறை. மெதுவாகத் தலையைத் தூக்கினேன். அப்பா வண்டிலுக்குக் கீழே. அம்மாவும் மாப்பிள்ளையின் தாயும் சில்லோரமாக ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி. காவலுக்கு நின்ற ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால். நின்றவர்கள் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் கை தட்டினார்கள்.

என் பக்கத்தில் அந்தக் கோட் குப்புறக் கிடந்தது.

"ஆர் சுத்தினது?" என்றார் வாயில் புல்லோடு. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நான்தான்."

"அப்ப நீங்கள் ஏன் விழுந்தனீங்கள்?"

பத்து வருடத்துக்குப் பிறகும் இந்த மனிதரும் விழுந்திருக்கிறாரே என்று மட்டும் நினைத்தேன். வெட்கத்துக்குள்ளும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆமிக்காரன் துவக்கோடு வந்தான். "கவுத மேக கெரகெவ்வே?" யார் இதைச் சுற்றியது என்று கத்தினான். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தமிழர் ஐந்து பேர், ஐந்து அடையாள அட்டை; இது பொலிஸ் ஸ்டேஷன்வரை போகலாம், மாப்பிள்ளையின் பிளேனும் தவறலாம். நான் வாய் திறக்குமுன் அவர் எழுந்து, "மம, சேர்," என்றார். நான்தான் என்று அர்த்தம். அவருக்கு மிஞ்சியிருந்த சிங்களம் அவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. ஆமிக்காரன் அவருடைய கோட்டைப் பார்த்தான், வாய்ப் புல்லைப் பார்த்தான், கடைசியில் தன் முழங்கால் மண்ணையும் பார்த்தான். நாலு ஏச்சு ஏசிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டே போய்விட்டான்.

நான் சுற்றியதைக் கண்டிருந்த மாமி, அதுதான் அவருடைய தாய், வண்டில் சில்லைப் பிடித்து எழும்பும்போதே சொன்னாராம்: "பிள்ளைக்குக் கை நல்ல உரம். ஆட்டுக்கல்லுக்குப் பயமில்லை." அந்தக் கிழமையே கலியாண எழுத்து நடந்தது.

இன்றுவரை என் கறியில் உப்புக் கூடி, அதை நானே குறை சொன்னால் போதும், "சுத்தினதும் இவ, விழுந்ததும் இவ," என்பார் என் கணவர். அவர் மட்டும் திறமோ? இங்கே நோர்வேயில் இடைக்கிடை மத்தியானத்தில் சைரன் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். முதல்நாளே எனக்கு நினைவூட்டுவார், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கம் வேறு சொல்லுவார். ஊதியதும் இரண்டு பேரும் மேசைக்குக் கீழே கிடப்போம். இங்கே பிறந்த மகள் மேசையில் இருந்தபடி, சாப்பாட்டையும் நிறுத்தாமல் கேட்பாள்:

"அம்மா, இதையும் நீங்களோ சுத்தினது?"