டிப்போ மேனேஜரின் கண்ணீரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

புது மாப்பிள்ளைக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டு: ‘தெரியாது.’ மாமனார் வீட்டில் எதைக் கேட்டாலும் தெரியும் என்றே தலை ஆடும். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. தலை நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது.

மாமனார் ஜீவனஹள்ளிக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். வழியனுப்பு விழாவில் தன்னைப் பற்றிப் பேசும்போது டிப்போ மேனேஜரே மேடையில் அழுதுவிட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியாரின் அண்ணன் மட்டும் நம்பவில்லை.

"மேனேஜராவது, அழறதாவது. சும்னே பில்டப்பு." (அந்த ‘சும்னே’வில் கன்னடமும் இருந்தது, நக்கலும் இருந்தது.)

சாட்சி ஒன்றே ஒன்று, விழா வீடியோ. எடுத்தவர் அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் பன்னிரண்டு பேரை அழைத்து, மதியம் பிரியாணியோடு அதைப் போட்டுக் காட்டுவதென்று முடிவாயிற்று. பொறுப்பு, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்யும் மாப்பிள்ளையிடம்.

காலையிலேயே என் லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறச் சொல்லி அறிவிப்பு வந்தது. மூன்று மாதமாக வருவதுதான்.

"இன்னா மாப்ளே கேக்குது அது?"

"புதுசு வந்திருக்கு மாமா. போட்டுட்டா படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

(அந்தக் கண்ணாடி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.) அழுத்திவிட்டேன்.

இரண்டு மணி நேரம் ஓடியது. டிவியில் சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து அதையே கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்தார்கள். எண்பத்தேழில் அரை மணி நேரம் நின்றபோது சித்தி ஒருத்தி சாமிக்கு வேண்டிக்கொண்டாள். நூறு ஆனதும் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிடாத குறை.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். விளக்கு எரிந்தது, ‘டொய்ங்’ என்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் சொருகினேன். பக்கத்து ஓட்டையில் சொருகினேன். கேபிளை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தேன். ஊதிக்கூடப் பார்த்தேன். மாமனார் அதை வாங்கி, இன்ஜின் சத்தம் கேட்பதுபோலக் காதில் வைத்தார்.

"ஓடுது மாப்ளே. கியர்தான் விழல."

(அன்று அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே தொழில்நுட்ப உண்மை அதுதான்.)

நான் டிவிக்கு அடியில், எல்லோரையும் பார்த்தபடி, ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். "சின்ன ப்ராப்ளம், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்து பிரகாஷுக்கு அடித்தேன். பிரகாஷ் என் நண்பன், நிஜமான இன்ஜினியர்.

‘டேய், அப்கிரேட் பண்ணதும் ஹார்ட் டிஸ்க் தெரியல. இங்க எல்லாரும் என்னை இன்ஜினியர்னு நம்பிட்டு இருக்காங்க.’

‘டிஸ்க் மேனேஜ்மென்ட்ல இருக்கா பாரு.’

‘அது எங்கடா இருக்கு?’

எங்கே என்று சொன்னான். திறந்தேன்.

‘இருக்கு. ஆனா உள்ள போக முடியல. மாமனார் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மாதிரி நிக்கறாரு.’

நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரகாஷின் பதில் வருவதற்குள் எனக்குக் கை துறுதுறுத்தது. மவுஸை வலப்பக்கம் அழுத்தினால் ஒரு பட்டியல் வந்தது. அதில் ‘ஃபார்மேட்’ இருந்தது. எனக்குத் தெரிந்த ஃபார்மேட், ஆபீஸ் பட்டியலில் கட்டங்களுக்கு மஞ்சள் அடிப்பது. நல்ல காரியம்தானே என்று அழுத்தினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

என் மனைவி கல்பனா மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"டிவில அவ்ளோ பெருசா தெரியுதே."

திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு பாதி எச்சரிக்கை. மறுபாதி நானும் பிரகாஷும். ‘அது எங்கடா இருக்கு?’ என்பது என் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பதில் வந்து விழுந்தது. மாமியாரின் அண்ணன் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"‘ஃபார்மேட் மட்டும் பண்ணித் தொலைச்சிடாத. டிரைவுக்கு சி, டி-ன்னு இருக்கற எழுத்து போயிருக்கும், ஒரு எழுத்து குடு, போதும். ஆபீஸ்ல நீ வேன் லிஸ்ட்ல பேர் சேக்கற மாதிரிதான்.’"

"வேன் லிஸ்டா?" என்றார் மாமனார்.

ஆமாம். என் கம்பெனி சாஃப்ட்வேர் கம்பெனிதான். அங்கே எந்த இன்ஜினியர் எந்த வேனில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. கல்பனாவுக்குத் தெரியும். மற்றவர்களிடம் நான் பொய் சொல்லவில்லை, அவர்கள் நினைத்துக்கொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். (அதுக்குப் பேரும் பொய்தான் என்பாள் கல்பனா.) அப்படியே எங்கள் பொம்மனஹள்ளி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். பன்னிரண்டு ஜோடி செருப்புக்கு அடியில் எங்கோ கிடந்தது என்னுடையது.

மாமனார் செருமினார். "அது கெடக்கட்டும் மாப்ளே. எந்த எழுத்து போடறது?"

எச்சரிக்கைக்கு ‘வேண்டாம்’ கொடுத்து மூடினேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பெயர் சூட்டு விழா தொடங்கியது. மாமியார், சாமி பேராக இருக்கட்டும், லட்சுமிக்கு ‘எல்’ என்றார். சித்தி கல்பனாவுக்கு ‘கே’ கேட்டாள். மாமியாரின் அண்ணன் இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று காலண்டரைத் தேடினார். கடைசியில் மாமனார் கோவிந்தராஜுக்காக ‘ஜி’ வைத்தோம். வைத்த உடனே ஹார்ட் டிஸ்க் திறந்துகொண்டது.

மேனேஜர் அழுதார். சும்மா கண் கலங்கவில்லை. மாமனாருக்குப் போர்த்த எடுத்த சால்வையிலேயே மூக்கைச் சிந்தி, அதையே அவருக்குப் போர்த்தியும் விட்டார். மாமியாரின் அண்ணன் பிரியாணித் தட்டைப் பார்த்தபடி, "அழுதுதான்பா இருக்கான்" என்று ஒப்புக்கொண்டார். மாமனார் அந்த இடத்தை மட்டும் நான்கு முறை போடச் சொன்னார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணைப் பார்க்க சாஃப்ட்வேர் மாப்பிள்ளை வந்தாலும், காபி வருவதற்கு முன்பே மாமனார் கேட்டுவிடுகிறார்: "சாஃப்ட்வேர்னா, இன்ஜினியரா, வேன் லிஸ்டா?" கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் என்னைப் பார்க்காமலிருக்கப் படும் பாடு இருக்கிறதே, அது பார்ப்பதைவிடக் கொடுமை.

போன மாதம் கல்பனாவின் தங்கையைப் பார்க்க வந்த பையனையும் கேட்டார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டும் இல்ல அங்கிள். கேன்டீன் பாத்துக்கறேன். கம்பெனி மட்டும்தான் சாஃப்ட்வேர்."

மாமனார் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா மாப்ளே? மொத நாளே சொல்லிட்டாரு."

அடுத்த மாதம் கல்யாணம். சாப்பாடு புது மாப்பிள்ளை மேற்பார்வையில். வேன் லிஸ்ட் நான் போடுகிறேன்.